வாளி டீம் கோச்

அவருக்கு வயது முப்பத்தாறு. உடம்பில் மற்றதெல்லாம் முப்பத்தாறாகத்தான் இருந்தது. தொண்டை மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லைக் கோட்டருகே நின்று வருஷக்கணக்காகக் கத்தியதில் குரல் முதலில் கம்மிற்று, பிறகு கரகரத்தது, கடைசியில் ஜல்லி லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தமாக நிலைத்துவிட்டது. மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், உள்ளே யார் ஜெயிக்கிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ரசிகர்கள் அவருக்கு ‘தொண்டை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் மரியாதையாகக் கோச் என்பார்கள். நாமும் கோச் என்றே வைத்துக்கொள்வோம்.

கோச் ஒரு காலத்தில் நன்றாகக் கால்பந்து ஆடியவர். முழங்கால் சீக்கிரமே கைவிட்டுவிட்டது. ஆடத்தானே முடியாது, ஆடுகிறவனைப் பார்த்துக் கத்தலாமே என்று அதே கிளப்பில் சின்னப் பையன்களின் அணிக்குக் கோச்சாக ஒட்டிக்கொண்டார். பெரிய அணியின் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கிளப்புக்குப் போனபோது, கிளப் தலைவர் இவரைக் கூப்பிட்டு, வேறு நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அந்த நல்ல ஆளைத் தேட மறந்துபோனார்.

தலைவருக்குப் பிளாஸ்டிக் வாளி கம்பெனி இருந்தது. அதனால் அணியின் ஜெர்சியில், நெஞ்சுக்கு நேராக, ஒரு சிவப்பு வாளி இருக்கும். எதிர்த்து ஆட வருகிறவர்களின் ரசிகர்கள் “ஓட்ட வாளி, ஓட்ட வாளி” என்று தாளம் போட்டுப் பாடுவார்கள். உண்மையில் ஓட்டை வாளியாகத்தான் இருந்தது. லீக்கில் கடைசி மூன்று இடங்களுக்குள் புரண்டு படுப்பதே அதன் வழக்கம். அந்த அணியை நம் கோச் நாலு வருஷத்தில் எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, ஓடவைத்து, அடுத்தடுத்து இரண்டு வருஷம் கோப்பையை வாங்கிவிட்டார். தலைவர் பூரித்துப்போய் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு வாளி பரிசளித்தார். இரண்டாம் வருஷம் மூடி போட்ட வாளி.

ஊரே கோச்சைக் கொண்டாடியது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது, அதுவும் பல் வழியாக. கோச்சின் மனைவி பல் டாக்டர். ஆட்டத்துக்கு முந்தின இரவு கணவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது அவருக்குப் பக்கத்து அறையில் யாரோ வேர்க்கடலை உடைப்பதுபோல் கேட்கும். ரப்பரில் ஒரு கவசம் செய்து வாயில் மாட்டிவிட்டார். கோச் ஒரே மாதத்தில் அதைக் கடித்துத் துளை போட்டார். இரண்டாவது கோப்பையை வாங்கிய அன்று எல்லாரும் அவரைத் தோளில் தூக்கியபோது, அவர் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஆனந்தக் கண்ணீரை அடக்க என்று பத்திரிகையில் எழுதினார்கள். கடைவாய்ப் பல் விரிசல் விட்டிருந்தது.

“ஜெயிச்சா சந்தோஷமா இருக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க,” என்று ஒருமுறை மனைவியின் கிளினிக் நாற்காலியில் படுத்தபடி அவர் சொன்னார். “சந்தோஷம் எல்லாம் வரதில்ல. அப்பாடான்னு இருக்கும், அவ்வளவுதான். தோத்தா மட்டும் தோத்த மாதிரியே இருக்கு.”

“வாயைத் திற,” என்றார் மனைவி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மனைவி அவரைத் தனியாக இருக்கும்போது நீ என்பார், தன் அப்பா எதிரில் நீங்க என்பார். தனியாக இருக்கும்போதும் நீங்க என்றால், கோபம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாட்களில் கோச் பேசாமல் போய்த் துணியை மடித்து வைப்பார்.

அந்த அப்பா, அதாவது கோச்சின் மாமனார், அதே வீட்டின் மாடியில் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கோச் பிறப்பதற்கு முன்பிருந்தே வாளி டீமின் ரசிகர். டீமின் பெஞ்சுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற கோச்சுகள் ஒவ்வொருவரையும் திட்டுவது அவர் வழக்கம். மாப்பிள்ளை கோச் ஆனதும் அதை நிறுத்துவார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. “வீட்டுல மாப்ள. கிரவுண்டுல கோச். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது,” என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் “ஏண்டா, கண்ணு தெரியுதா உனக்கு?” என்று முதுகுக்குப் பின்னால் கர்ஜித்த மனிதர், சாயங்காலம் “மாப்ள, காபி சாப்பிட்டீங்களா?” என்று பரிவாக விசாரிப்பார். இரண்டிலும் கொஞ்சமும் பொய் கிடையாது.

இரண்டாவது கோப்பைக்கு அடுத்த வருஷம், லீக் பாதியில் இருக்கும்போது அந்த ஐஸ் பெட்டி விவகாரம் நடந்தது.

வாளி டீம் போட்ட ஒரு நல்ல கோலை ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். கோச்சுக்கு ரத்தம் தலைக்கேறிற்று. காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை உதைக்கப் போனவர், குறி தப்பி ஐஸ் பெட்டியை உதைத்தார். ஒரு பழைய ஆட்டக்காரருக்குக் குறி தப்பியதுதான் அதில் அவருக்கே பெரிய அவமானம். பெட்டி கவிழ்ந்து ஐஸ் கட்டிகள் கோட்டோரம் சிதறின. ஆட்டத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் ஓடிவந்த லைன்ஸ்மேன் அதன்மேல் கால் வைத்து, காற்றில் ஒரு கணம் படுத்து, பிறகு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிலையிலும் கொடியைக் கீழே இறக்கவில்லை. அவ்வளவு தொழில் பக்தி. அரங்கம் முழுக்கச் சிரித்தது. லீக் கமிட்டி சிரிக்கவில்லை. ஐந்து ஆட்டங்களுக்குக் கோச் மைதானத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அணியைத் துணைக் கோச் பார்த்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. ஒரு ஓரமாக நின்று பெரிய கண்களால் பார்த்துக்கொண்டே இருப்பார். ஊமைக்கோட்டான் என்று ஆட்டக்காரர்கள் ஆரம்பித்து, பிறகு ஊமையை விட்டுவிட்டுக் கோட்டான் என்று சுருக்கிக்கொண்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

தடையின் முதல் ஆட்டத்தைக் கோச் வீட்டில் டிவியில் பார்த்தார். மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து நொந்துபோவாரே என்று இரக்கப்பட்டு, மாமனார் நாற்பது வருஷ வழக்கத்தை விட்டுவிட்டு அன்று மைதானத்துக்குப் போகாமல் சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று வரிசை தள்ளி இருந்து வாங்கிய திட்டு வேறு. அதையே காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வாங்குவது வேறு. போன வாரம் செய்த தப்பு, போன வருஷம் செய்த தப்பு, இனிமேல் செய்யப்போகிற தப்பு எல்லாம் வரிசையாக வந்தன. இடைவேளைக்குப் பிறகு கோச் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அதுவும் தலைவர் கம்பெனி பக்கெட்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு டிவி சேனலின் தயாரிப்பாளர் போன் செய்தார். இளம்பெண், படபடவென்று பேசுவார். அடுத்த ஆட்டத்தின்போது ஸ்டூடியோவில் உட்கார்ந்து கருத்துச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், “எத்தனை மணிக்கு வரணும்?” என்றார் கோச்.

ஸ்டூடியோவில் முதல் சிக்கல் மேக்கப் அறையில் வந்தது. வருஷம் முழுக்கத் தொப்பி போட்டு வெயிலில் நின்றவர் என்பதால், தொப்பியைக் கழற்றியபோது நெற்றியில் பாதிக்கு மேல் வெளுப்பாகவும் கீழே கருப்பாகவும், பெயிண்ட் அடித்துப் பாதியில் நிறுத்திய சுவர்போல் இருந்தது. மேக்கப்காரர் மேலேயிருந்து கருப்பைக் கொண்டுவருவதா, கீழேயிருந்து வெளுப்பை ஏற்றுவதா என்று கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து யோசித்தார். அடுத்தது குரல். ஒலிப்பதிவு செய்கிறவர் மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் பழுது மனிதரிடம்தான் என்று கண்டுபிடித்தார்.

மூன்றாவது, தொடுதிரை. விரலால் தொட்டு ஆட்டக்காரர்களை நகர்த்தி விளக்க வேண்டும். கோச் இடதுபக்க பேக்கைத் தொட்டால் கோல்கீப்பர் நகர்ந்தார். கோல்கீப்பரைத் தொட்டால் திரை முழுக்க வானிலை அறிக்கை வந்தது. இரண்டு முறை முயன்றுவிட்டு, நேரலையில், அவர் எழுந்து போய் மேக்கப் மேஜையில் இருந்தவற்றை வாரிக்கொண்டு வந்தார். பவுடர் டப்பா கோல்கீப்பர். சீப்பு, லிப்ஸ்டிக், ஒரு கிரீம் டியூப் எல்லாம் டிஃபென்ஸ். தொகுப்பாளரின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி அதைப் பந்தாக்கினார்.

“இந்த சீப்பு இருக்கே, இது நல்ல சீப்பு. ஆனா பந்து வந்தா முன்னாடி ஓடிடும். அது போன இடத்துல பாருங்க எவ்வளவு பெரிய சந்து. இதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அதுல யார் வரா? இந்த லிப்ஸ்டிக் வரணும். வரமாட்டேங்குது. ஏன்? சோம்பேறி லிப்ஸ்டிக்.”

அதுவரை கால்பந்து என்றால் இருபத்திரண்டு பேர் எதற்கோ சண்டை போடுவது என்று நினைத்திருந்தவர்களுக்கெல்லாம் அன்று ஆட்டம் புரிந்துவிட்டது. மறுநாள் அந்தப் பகுதி மட்டும் எல்லார் போனிலும் சுற்றிச் சுற்றி வந்தது. சோம்பேறி லிப்ஸ்டிக் என்ற பெயர் வாளி டீமின் நடு டிஃபென்ஸ்காரருக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அவர் ஆறடி இரண்டங்குலம்.

தயாரிப்பாளர், தடை முடிகிற வரைக்கும் வாராவாரம் வரச் சொன்னார். கோச் ஒத்துக்கொண்டார். அவரையே ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எதிரே இருந்த பிஸ்கட் தட்டை அவர் காலி செய்திருந்தார். ஆட்ட நாளில் அவர் வயிற்றில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கி வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்து படுத்தார், தூங்கினார். வேர்க்கடலைச் சத்தம் இல்லை. மனைவி அந்த நிசப்தத்தில் தூக்கம் வராமல் புரண்டார்.

நான்காவது ஆட்டத்தில்தான் வினை வந்தது. மில் டீமோடு ஆட்டம். கோச் ஸ்டூடியோவில் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இடது பேக் இரண்டடி உள்ளே வர வேண்டும், வரமாட்டான், எனக்குத் தெரியும், என்றார். சற்று நேரத்தில் இடது பேக் இரண்டடி உள்ளே வந்தான். கோச் வியந்துபோனார். மில் டீமின் உயரமான ஆட்டக்காரர் பின்னால் நின்று என்ன செய்கிறார், முன்னே போகலாமே என்றார். அவரும் முன்னே போனார். நேரம் ஆக ஆக, அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் மைதானத்தில் நடந்தது. தொகுப்பாளர் அவரை ஒரு தீர்க்கதரிசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கோச்சுக்கே லேசாக அந்த எண்ணம் வந்துவிட்டது. ஒரே குறை, ஆட்டம் சகிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சந்து கிடையாது, ஒரு தப்பு கிடையாது. ஒரு கோல்கூட விழாமல் முடிந்தது.

மறுநாள் மில் டீம் புகார் கொடுத்தது. தடையில் இருக்கும் கோச், டிவி வழியாகத் தன் அணிக்கு உத்தரவு போட்டார் என்று.

விசாரணை லீக் அலுவலகத்தில், மின்விசிறி சத்தம் போடும் ஒரு அறையில் நடந்தது. மூன்று பேர் கமிட்டி. தலைமை வகித்தவர் ஒரு வயதான வக்கீல். பதிவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். “வரணும்” என்பது விமர்சனமா, கட்டளையா என்று ஒரு மணி நேரம் இலக்கண விவாதம் நடந்தது. பிறகு வாளி டீமின் பிசியோவைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வரும்போதே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆமாம், காதில் இயர்போன் இருந்தது, ஆமாம், கோச் சொன்னதைக் கோட்டான் சாரிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார். கோச்சுக்கு அது புதுச் செய்தி. தன் தீர்க்கதரிசனம் ஒரு பிசியோவின் காது வழியாக வந்தது என்று தெரிந்ததில் அவருக்குச் சற்று வருத்தம்கூட.

மில் டீம்காரர்கள் முகம் மலர்ந்தது. அப்போது வக்கீல், பதிவை இன்னொரு முறை ஓட்டச் சொல்லி, மில் டீம் பெஞ்சைக் காட்டினார். அவர்களுடைய மசாஜ்காரரின் காதிலும் ஒரு ஒயர் தொங்கிற்று. அவர்களுடைய உயரமான ஆட்டக்காரர் முன்னே போனது எப்படி என்று வக்கீல் நிதானமாகக் கேட்டார். மில் டீம் மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

“ஆக, ஒரே வாத்தியார் ரெண்டு பக்கமும் பாடம் எடுத்திருக்கார்,” என்றார் வக்கீல். “அதான் அவ்வளவு கேவலமான மேட்ச்.”

இரண்டு கிளப்புக்கும் எச்சரிக்கை. பெஞ்சில் இனி போன் கூடாது. கோச் டிவியில் பேசலாம், ஆனால் ‘வரணும், போகணும், நிக்கணும்’ மூன்றும் வாயில் வரக்கூடாது. அப்படி ஒரு தீர்ப்பு லீக்கின் வரலாற்றிலேயே முதல்முறை என்றார்கள்.

இதற்கு நடுவில் தயாரிப்பாளர் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். அடுத்த சீசனிலிருந்து நிரந்தரமாக வந்துவிடுங்கள், உங்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி, என்றார். கோச் மதில்மேல் பூனையானார். முப்பத்தாறு வயது, இரண்டு கோப்பை, இனிமேல்தான் பெரிய கிளப்புகள் கூப்பிடும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். இப்போது போய் ஓய்வா?

மனைவியிடம் கேட்டார். “விடுன்னு சொல்லு. இல்ல, விடாதேன்னு சொல்லு.”

“நான் பல் டாக்டர்,” என்றார் அவர். “பல்லு ஆடுதுன்னு வந்தா உடனே பிடுங்க மாட்டேன். தானா விழுமா, நிக்குமான்னு கொஞ்ச நாள் பார்ப்பேன். நீயும் பாரு.” பிறகு கணவரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்துவிட்டு, புதுசாகத் தேய்மானம் எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

மாமனாருக்குச் செய்தி எட்டியதும் அவர் சாப்பாட்டு மேஜையில் நேராகவே கேட்டார். “முப்பத்தாறு வயசுல யாராவது ரிடையர் ஆவாங்களா மாப்ள? எனக்கு முப்பத்தாறு வயசுலதான் தொலைதூர பஸ்ஸே குடுத்தாங்க.” அதற்குப் பிறகு அவர் கோச்சிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, “உன் வீட்டுக்காரர்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு,” என்பார் மகளிடம். மகளும் “உப்பு வேணுமாம்” என்பாள். கோச் தள்ளுவார். “தேங்க்ஸ்னு சொல்லு,” என்பார் மாமனார். மரியாதையை மட்டும் அவர் விட்டதில்லை.

ஐந்தாவது ஆட்டம் துறைமுக டீமோடு. அதுதான் வாளி டீமுக்கு நெடுங்காலப் பகை. கோச் ஸ்டூடியோவில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் ‘ணும்’ என்று முடியப் பார்த்தது, பாதியிலேயே விழுங்கினார். விழுங்கி விழுங்கிப் பேச்சே குறைந்துபோயிற்று. சொல்வதற்கு எதுவும் இல்லாததால் பார்க்க ஆரம்பித்தார். பல வருஷத்தில் முதல்முறையாக, யாரையும் நகர்த்தாமல், யாரையும் திருத்தாமல், வெறுமே பார்த்தார்.

அப்போதுதான் துறைமுக டீமின் முன்கள ஆட்டக்காரர், மெலிந்த ஒரு பையன்தான், பாதி மைதானத்தைக் கடந்து வந்த உயரப் பந்தை நெஞ்சில் வாங்கினார். பந்து பஞ்சுமேல் விழுந்ததுபோல் நின்றது. தரையைத் தொடவிடாமல், சோம்பேறி லிப்ஸ்டிக்கின் தலைக்கு மேலே அதைச் சின்னதாகத் தட்டி, அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தானே பிடித்து, முன்னால் ஓடிவந்த கோல்கீப்பர் தலைக்கு மேலேயும் அதே மாதிரி ஒன்று. பந்து அவசரமே இல்லாமல், மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கி வலைக்குள் போயிற்று.

“அடடடா,” என்றார் கோச். “என்ன அழகு. என்ன அழகுய்யா.” நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

தொகுப்பாளர் மெதுவாக, “அது... உங்க டீமுக்கு விழுந்த கோல்,” என்றார்.

“தெரியும்,” என்றார் கோச், உட்கார்ந்துகொண்டே. “ஆனாலும் பார்த்தீங்கல்ல?”

வாளி டீம் அந்த ஒரு கோலில் தோற்றது. வீட்டில் மாமனார் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஊர் என்ன பேசிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்றார்கள் சிலர். பைத்தியம் என்றார்கள் மற்றவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது; வாளி மூடியும் பொருந்தாது.

மறுநாள் காலை தடை முடிந்து கோச் கிளப்புக்குப் போனார். ஆட்டக்காரர்கள் அவர் கண்ணைப் பார்க்காமல் ஷூ கயிற்றைக் கட்டினார்கள். சாமான் அறையில் கோட்டான் தனியாக உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வலைப்பைக்குள் போட்டார். கோச்சும் ஒரு பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“நேத்து நான் பண்ணினதைப் பார்த்தியா?”

“மேட்ச் முடிஞ்சு பார்த்தேன்,” என்றார் கோட்டான்.

“கோபமா?”

கோட்டான் பம்பை நிறுத்தினார். அவர் பேசத் தயாராவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். “கோபம் இல்ல. பொறாமையா இருந்துச்சு. அந்த கோல் என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு. அது அழகா இருந்துச்சான்னுகூட எனக்குத் தெரியல. எனக்கு வாந்தி வந்துச்சு. பெஞ்சுக்குப் பின்னாடி போய் எடுத்துட்டு வந்தேன். அஞ்சு மேட்ச்சும் எடுத்தேன்.”

“அஞ்சுமா?”

“ஜெயிச்ச ரெண்டுலயும்.” சற்று யோசித்து, “தலைவர் குடுத்த வாளி உபயோகமா இருந்துச்சு. மூடி இருக்கறதால,” என்றார்.

கோச்சுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, கோட்டான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். அந்தப் பெரிய கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இந்த அவஸ்தையே வேணாம்னு உனக்குத் தோணலையா?” என்று கேட்டார் கோச்.

“இல்ல,” என்றார் கோட்டான். “நாளைக்கும் வேணும்னு இருக்கு.”

கோச் மடியில் இருந்த பந்தை அழுத்திப் பார்த்து, பைக்குள் போட்டார். இந்த மனிதன் இத்தனை வருஷம் தன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான், இவனுக்குள் இவ்வளவு பசி இருந்தது தன் கண்ணில் படவே இல்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு அந்தப் பசி எப்போது அடங்கிற்று என்றும் யோசித்துப் பார்த்தார். நாள் பிடிபடவில்லை. ஆனால் அடங்கிவிட்டது என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. அன்று மத்தியானமே தயாரிப்பாளருக்குப் போன் செய்து வருகிறேன் என்றார்.

சீசன் முடிகிற வரைக்கும் இருந்து கொடுத்தார். கோட்டானைக் கூடவே வைத்துக்கொண்டு, பாதி முடிவுகளை அவரிடமே விட்டார். அணி இரண்டாவதாக வந்தது. கடைசி ஆட்டத்தில் அவர் அவ்வளவாகக் கத்தாமல் நின்றதைப் பார்த்துப் பொறுக்காமல் ரசிகர்கள் “தொண்டை, தொண்டை” என்று கூப்பாடு போட்டார்கள். அவர்கள் ஆசைக்காகத் திரும்பி, “உள்ள வாடா” என்று ஒரே ஒரு முறை முழுசாகக் குரல் கொடுத்தார். இடது பேக் பயந்துபோய் உள்ளே வந்தான். அரங்கம் எழுந்து நின்று கை தட்டிற்று.

கிளப் தலைவரிடம் விலகுவதாக இரண்டு முறை சொல்லியிருந்தார். தலைவர் ஒரு வேலையாக இருக்கும்போது காதில் எதுவும் ஏறாது. எப்போதும் ஒரு வேலையாகத்தான் இருப்பார். பத்திரிகையாளர்களைக் கூட்டி, மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு வாளியை நிறுத்தி, “நம்ம கோச் இன்னும் அஞ்சு வருஷம் நம்மளோடதான் இருக்கப்போறார்,” என்று அறிவித்துவிட்டார்.

கோச் மைக்கை வாங்கினார். “தலைவர் சொன்னதுல ‘நம்ம கோச்’ வரைக்கும் சரி. அதுவும் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.”

அமளியாயிற்று. மூத்த நிருபர் ஒருவர் எழுந்து, உச்சியில் இருக்கும்போது பயந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார். கோச் மைக்கை மறுபடி வாய்க்கருகே கொண்டுபோனார்.

“பயந்துதான் ஏழு வருஷம் இருந்தேன். பயம்தான் எங்களை ஜெயிக்க வெச்சுது, பொய் சொல்லல. இப்ப எனக்கு மேட்ச் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. ஆசை வந்துட்டா கோச் வேலைக்கு லாயக்கில்ல. லாயக்கான ஆள் பின்னாடி உக்காந்திருக்கார்.”

எல்லா கேமராவும் கோட்டான் பக்கம் திரும்பின. அவர் முகம் வெளிறிற்று. பக்கத்தில் இருந்த ஆளுயர வாளியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

டிவி வேலை ஒன்றும் பஞ்சு மெத்தையாக அமைந்துவிடவில்லை. எழுதிக் கொடுத்ததைத் திரையில் பார்த்துப் படிக்கச் சொன்னால், கோச் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் படிப்பார். நல்ல இடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்து கழுத்தை வெட்டும். ஒருநாள் சவசவ என்று ஒரு ஆட்டம் போய்க்கொண்டிருக்க, “வீட்டுல வேற வேலை இருந்தா முடிச்சிட்டு வாங்க, ஏதாவது நடந்தா நான் கூப்பிடறேன்,” என்று நேயர்களிடம் சொல்லிவிட்டார். நிறைய பேர் எழுந்து போய்விட்டார்களாம். தயாரிப்பாளர் அவரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேக்கப்காரர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். ஆறு மாதத்தில் நெற்றி ஒரே நிறமாகிவிட்டது.

கோட்டான் தலைமையில் வாளி டீம் முதல் மூன்று ஆட்டமும் தோற்றது. மாமனார் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியிருந்தார். மூன்றாவது தோல்வியன்று அவர் நேராக வந்து கோச்சின் எதிரே உட்கார்ந்தார். மகளைக் கூப்பிடவில்லை.

“மாப்ள, அந்தக் கோட்டானைத் திட்டவே முடியல,” என்றார். “நான் ஒண்ணு சொன்னா நீங்க திரும்பி முறைப்பீங்க. அவன் திரும்பி ‘சரிங்க’ன்னு தலையாட்டறான். அதுக்கு மேல என்னத்தைத் திட்டறது? உங்க அளவுக்கு வராது.”

மருமகன் ஆன நாளிலிருந்து கோச் அவரிடம் வாங்கிய முதல் பாராட்டு அதுதான். காபி சாப்பிட்டீர்களா என்று கேட்டுவைத்தார். கோட்டானின் டீம் பிறகு மெல்ல மெல்ல எழுந்து அந்த வருஷம் மூன்றாவதாக வந்தது. கோட்டான் இளைத்துப்போயிருந்தார். ஆனால் அவரைப் பார்த்தவர்கள், மனிதர் நடையிலேயே ஒரு துள்ளல் வந்திருக்கிறது என்றார்கள்.

அடுத்த சீசனில் ஒருநாள், வாளி டீமுக்கு வெளியூரில் ஆட்டம். மாமனாருக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் போக முடியவில்லை. கோச் அவரை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தயாரிப்பாளருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கோச் ஏதோ கருத்துச் சொன்னபோது மாமனார் எழுந்து கண்ணாடி அருகே வந்து கையை ஆட்டி என்னவோ சொன்னார். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. உதடுகள் மட்டும் வேகமாக அசைந்தன. தயாரிப்பாளர் தன் வேலையை மறந்துபோய் அவரைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தார்.

ஆட்டம் முடிந்து காரில் வரும்போது மாமனார் அலுத்துக்கொண்டார்.

“என்ன இடம் மாப்ள இது? தொண்ணூறு நிமிஷம் திட்டியிருக்கேன். உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது.”

“ஒரு வார்த்தைகூட கேக்கல மாமா.”

“அப்புறம் நீங்க எதுக்கு ரெண்டு தடவை சிரிச்சீங்க?”

“கேக்கலன்னாலும் என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுது.”

மாமனார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முன்னால் போன பஸ் சிக்னல் போடாமல் திரும்பியதைக் கண்டதும், பஸ் டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார். கோச் ஜன்னலை இறக்கிவிட்டார், அந்த ஆளுக்காவது கேட்கட்டும் என்று.